பூட்டி வந்த மூட்டை

"கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பு பாதுகாப்பானதுதானே?" என்று நேயர் ஒருவர் கேட்டார். இதற்கான பதில் 2004ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது.

முதலில், சுருக்குக் கோப்பு என்றால் என்ன? திரும்பத் திரும்ப வருவதை ஒரு முறை எழுதி, மற்ற இடங்களில் குறிப்பு மட்டும் வைத்துக் கட்டிய மூட்டை. அமெரிக்கரான பில் காட்ஸ் 1989இல் கொண்டுவந்த ஜிப் முறை, தொலைபேசிக் கம்பி வழியே கோப்பு அனுப்பிய காலத்தில் பெரும் வரம்.

ஆனால், மூட்டையைப் பார்த்து உள்ளிருப்பதைச் சொல்ல முடியாது. '42.ஜிப்' எனும் கோப்பு வெறும் 42 கிலோபைட். அடுக்கடுக்காகப் பிரித்தால் 4.5 பெட்டாபைட்!

2004 ஜனவரியில் 'பேகிள்' எனும் புழு மின்னஞ்சலில் பரவியது. நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்கள் அதனைப் பிடிக்கத் தொடங்கியதும், எழுதியவர்கள் ஜிப் மூட்டைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அதே மின்னஞ்சலில் எழுதி அனுப்பினார்கள். மென்பொருளால் உள்ளே பார்க்க முடியவில்லை. மின்னஞ்சலைப் படித்தவரோ கடவுச்சொல்லைத் தாமே தட்டித் திறந்துகொடுத்தார். பிறகு மென்பொருள்களும் மின்னஞ்சலிலிருந்து கடவுச்சொல்லை எடுக்கக் கற்றுக்கொண்டன. அவர்கள் விட்டார்களா? மார்ச் மாதத்திலேயே கடவுச்சொல்லைப் படமாக அனுப்பினார்கள். மனிதக் கண் படிக்கும். மென்பொருளுக்கு அது வெறும் படம்.

அதிலாவது திறந்தவர் ஏமாந்தார் எனலாம். 2019 பிப்ரவரியில் வெளிவந்த செய்தி வேறு ரகம். மூட்டையைப் பிரிக்கும் வின்ரார் மென்பொருளிலேயே ஏறத்தாழ 19 ஆண்டுகளாக ஓர் ஓட்டை இருந்ததைச் செக் பாயிண்ட் நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 'ஏஸ்' எனும் பழைய வகைக் கோப்பைப் பிரிக்கும் பகுதியில் அது இருந்தது. கோப்பைப் பிரித்தாலே போதும்; தீய நிரல் நாம் குறித்த கோப்புறைக்குப் போகாமல், கணினி தொடங்கும்போது தானாக இயங்குபவை இருக்கும் கோப்புறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏஸ் கோப்புக்கு 'ரார்' என்று பெயர் மாற்றி அனுப்பவும் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பகுதி வேறொருவர் எழுதியது. அதன் மூல நிரல் வின்ரார் நிறுவனத்திடமே இல்லை. திருத்த வழியின்றி, 5.70 பதிப்பில் ஏஸ் வசதியையே நீக்கினார்கள்.

கதை அதோடு நிற்கவில்லை. 2023இல் வேறோர் ஓட்டை 6.23 பதிப்பிலும், 2025இல் இன்னொன்று 7.13 பதிப்பிலும் அடைக்கப்பட்டன. இரண்டையும் அடைக்கும் முன்பே திருடர்கள் பயன்படுத்திவிட்டார்கள். வீட்டுக் கணினியில் பல ஆண்டுகளுக்கு முன் போட்ட வின்ரார் இன்னும் இருந்தால், அதன் பதிப்பு எண்ணை இன்றே பாருங்கள்.