பதாரா: ஆளற்ற கரையின் நெடிய வரலாறு

துருக்கியின் தென்மேற்கில், மத்தியதரைக் கடலோரம் ஏறத்தாழ 18 கி.மீ. நீண்டு கிடக்கிறது பதாரா கடற்கரை. கரையோரம் விடுதிகள் இல்லை. மணற்குன்றுகளும் அலைகளும் மட்டுமே. மனிதக் கை படாத கரை என்று சுற்றுலாக் கையேடுகள் இத்தகைய இடங்களை வருணிப்பது வழக்கம். பதாராவைப் பொறுத்தவரை இதைவிடப் பிழையான வருணனை வேறில்லை.

பெயரிலிருந்தே தொடங்கலாம். கி.மு. 13ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட் பேரரசர் நான்காம் துதாலியா பொறித்த யல்புர்ட் கல்வெட்டு, லூவிய மொழியில், பதாரா மலையைக் குறிப்பிடுகிறது. லூவியத்தின் உறவுமொழியான லிசிய மொழியில் இவ்வூரின் பெயர் ‘ப்த்தரா’. கிரேக்கர் அதைப் ‘பதாரா’ என்றனர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்திய மன்னர் இரண்டாம் தாலமி நகரைச் செப்பனிட்டு, தம் அரசியின் பெயரால் ‘அர்சினோயே’ என மாற்றினார். ஆயினும் பழைய பெயரே வென்றது என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார். அரசாணையைவிட நாவின் வழக்கம் வலியது என்பதற்கு மொழியியல் மாணவர்க்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

அந்த நகரம் சிறியதன்று. லிசியக் கூட்டமைப்பின் 23 நகரங்களில் பெருநகர்களுக்கு 3 வாக்கு, இடைநகர்களுக்கு 2, ஏனையவற்றுக்கு 1 என்ற முறை இருந்தது. மூன்று வாக்குடைய ஆறு நகரங்களுள் பதாராவும் ஒன்று. கூட்டமைப்பின் அவை கூடிய மண்டபம் இன்றும் அங்கே உள்ளது. மாந்தெஸ்கியு இக்கூட்டமைப்பைப் போற்றினார். அவர் வழியே 1787இல் அலெக்சாண்டர் ஹாமில்டன் அமெரிக்க அரசியலமைப்பு விவாதத்தில் இதனை எடுத்துக்காட்டினார். துறைமுகத்தருகே ஹேட்ரியன் காலத் தானியக் களஞ்சியம் எழுந்தது; அதற்கும் முன்பே, நீரோவின் ஆட்சியில், கலங்கரை விளக்கம் எழுப்பப்பட்டிருந்தது.

பிறகு மணல் வந்தது. சாந்தோஸ் ஆறு கடலில் சேர்த்த வண்டலை அலையும் காற்றும் கரைக்குத் திருப்பின. துறைமுகத்தின் வாய் அடைபட்டது. கப்பல் நின்ற இடத்தில் நாணல் முளைத்தது. வணிகம் போனபின் மக்களும் போயினர். கலங்கரை விளக்கத்தின் கற்கள் மணலுக்குள் உறங்கி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெளிப்பட்டன. ஆக, நகரை அழித்த மணலே இன்று நாம் வியக்கும் கரை.

இன்றைய வெறுமைக்கு இயற்கை மட்டும் காரணமன்று. 1988 முதல் அங்கே முறையான அகழாய்வு நடைபெறுகிறது. 1990இல் அப்பகுதி சிறப்புச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு வட்டாரமாயிற்று. பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிடும் பருவத்தில் இரவில் கரைக்குச் செல்லத் தடையுண்டு. தொல்லியலும் ஆமையும் சேர்ந்து ஒரு கரையைக் காக்கின்றன.

‘வளர்ச்சியடையாத கடற்கரை’ என்னும் தொடர், வளர்ச்சி இனிமேல்தான் வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பைத் தனக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. பதாராவில் வளர்ச்சி வந்தது, ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்தது, போய்விட்டது. ஓர் இடத்தை வெற்றிடம் என்று அழைத்தால் அதை நிரப்பவே எவருக்கும் தோன்றும். எஞ்சியது என்று அழைத்தால் காக்கத் தோன்றும். நம் ஆய்வேடுகளில் ‘ஆளற்ற நிலம்’ என்று எழுதுமுன், அங்கிருந்து யார் போனார்கள், ஏன் போனார்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.