மொச்சையும் முட்டையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில், போடிநாயக்கனூரை அடுத்துள்ள சிலமலை போன்ற அடிவார ஊர்களின் மானாவாரி நிலங்களில், அதாவது மழையை மட்டுமே நம்பி விதைக்கப்படும் புன்செய்களில், சோளம், கம்பு ஆகியவற்றோடு மொச்சையும் தட்டைப்பயறும் கொள்ளும் விளைந்தன. உடல் தானே உருவாக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்களுள் லைசின் தானியங்களில் குறைவு, பயறுகளில் மிகுதி. மெத்தியோனினோ பயறுகளில் குறைவு, தானியங்களில் அதனினும் மேல். ஆகவே கம்மஞ்சோறும் மொச்சைக் குழம்பும் சேர்ந்த உணவு, காட்டு வேலைக்கும் ஏலத்தோட்ட வேலைக்கும் சென்ற, புலால் அரிதாகவே கிட்டிய குடும்பங்களுக்கு நிறைவான புரதத்தை அளித்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அரிசி அன்றாட உணவானபோது தானியம் மட்டும் மாறவில்லை; பயறின் பங்கும் சுருங்கியது.

இவ்வாறு குறைந்த புரதத்தைப் பள்ளி உணவு உடனே ஈடுசெய்யவில்லை. 1956இல் காமராசர் ஆட்சியில் விரிந்த பள்ளி மதிய உணவும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் முதலில் பசியையே எதிர்கொண்டன. ஏறத்தாழ 6 கிராம் புரதமுள்ள முட்டை, 1989இல் மு. கருணாநிதி ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒன்றாகச் சத்துணவில் சேர்ந்து, 2010இல் வாரத்துக்கு ஐந்தாக உயர்ந்தது. முட்டை உண்ணாத குழந்தைகளுக்குத் தரப்பட்ட வாழைப்பழம் புரதத்துக்கு ஈடாகாது. வேகவைத்த கொண்டைக்கடலையும் பாசிப்பயறுமே அக்குறையை ஓரளவு தீர்த்தன.