ஹம்மிங் பறவையும் நம் தேன்சிட்டும்



ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைச் செம்பருத்தியில் தேன் குடிக்கும் குட்டிப் பறவையை "ஹம்மிங் பறவை" என்றே வகுப்பில் சொல்லி வந்தேன். தவறு. அது தேன்சிட்டு. லின்னேயஸ் 1766இல் நம் ஊதாப்பிட்டத் தேன்சிட்டுக்குப் பெயரிட்டபோதே, அதை ஹம்மிங் பறவையோடு சேர்க்கவில்லை.

ஹம்மிங் பறவை இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. அங்கே வீட்டுத் தோட்டத்தில் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி தொங்கவிடுவது பழைய வழக்கம். மகள் ஒன்று அனுப்பினாள். நான் தேன் கலந்து மாமரத்தில் கட்டினேன். சித்திரை வெயிலில் மறுநாளே நுரைத்துப் புளித்தது. அதையும் ஒரு பெண்சிட்டு குடித்துவிட்டுப் போனது. மனசு கேட்கவில்லை.

பிறகுதான் படித்தேன். தேன் கலந்த நீரில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். சிவப்புச் சாயமும் வேண்டாம். 4 பங்கு நீருக்கு 1 பங்கு வெள்ளைச் சர்க்கரை போதும். வெயில் காலத்தில் தினமும் கழுவி மாற்ற வேண்டும். முடியாதவர்கள் குப்பியே வைக்கக்கூடாது.

தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனுக்கு நந்தவனம் வைத்த ஊர் இது. பூ இருந்தால் சிட்டு தானே வரும். அமெரிக்காவில் ஹம்மிங் பறவை தேடிவரும் ஹமீலியா செடி, இங்கே தேன்சிட்டுக்கும் தேன் தருகிறது. பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். தாய்ச்சிட்டு குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் சிலந்தியும்தான்.

குப்பியை இறக்கிவிட்டேன். செடி வைத்திருக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகளே, அன்று நான் சொன்னதைத் திருத்திக்கொள்ளுங்கள்.