மேட்டூர்ச் சாம்பல் சுவராகும் வழி

ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, ரயிலில் மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு வருகிறது. நம்நாட்டு நிலக்கரியில் எடைக்கு முப்பது, நாற்பது சதவீதம் சாம்பல்தான். அதை நெடுங்காலம் தண்ணீரில் கரைத்துக் குட்டைகளில் தேக்கினார்கள். அனல்மின் நிலையங்களின் சுற்றுவட்டாரத்தில் செங்கல்லுக்குச் சாம்பல் கலந்தே ஆகவேண்டும் என்று 1999இல் மத்திய அரசு ஆணையிட்ட பிறகுதான் அது சரக்கானது. இன்று சிமெண்டுக்கும் சாம்பல் கல்லுக்கும் ஏஏசி பிளாக்குக்கும் போகிறது.

ஏஏசி பிளாக் 1920களில் ஸ்வீடனில் பிறந்தது. சாம்பல், சிமெண்ட், சுண்ணாம்பு, ஜிப்சம் கலந்த குழம்பில் துளி அலுமினியப் பொடி விழுந்ததும் ஹைட்ரஜன் கிளம்பி, இட்லி மாவாகப் பொங்கும். இறுகியதும் கம்பியால் அறுத்து, ஏறக்குறைய 190 டிகிரி நீராவியில் வேகவைப்பார்கள். உள்ளே அடைபட்ட காற்றுதான் வெயிலைத் தடுக்கிறது. வெளிக்கும் உள்ளுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்குச் சுமார் இரண்டு வாட் வெப்பத்தை உள்ளே விடும். எட்டு அங்குல ஏஏசி சுவர் ஒரு வாட்டுக்கும் குறைவாக விடும்.

இந்தக் கணக்கைத்தான் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018 டிசம்பரில் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற வீட்டு நெறிமுறையாக்கியது. அதன்படி சுவர், சன்னல் வழியாக நுழையும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது. கூரைக்கு வரம்பு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட். வெறும் கான்கிரீட் தார்சு மூன்று வாட்டுக்கு மேல் விடும்; சிமெண்ட் சீட் இன்னும் மோசம்.

ஆனால் 2018இல் வந்த இந்த நெறிமுறை 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்காகவே எழுதப்பட்டது. அதாவது பன்னிரண்டு சென்ட்டுக்கு மேல். திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பல இரண்டு, மூன்று சென்ட்டில் எழுந்தவை. ஹாலோ பிளாக் சுவர், மேலே சீட். இரவு ஷிப்ட் முடித்தவர் பகல் பன்னிரண்டு மணிக்கு அதன் அடியில்தான் தூங்க வேண்டும். ஃபேன் அனல்காற்றைத்தான் சுழற்றுகிறது. அதற்கும் மேட்டூரில் கரி எரிகிறது.

வெளிநாட்டு வாங்குநருக்காகக் கம்பெனியின் மின்கணக்கையும் சாயக்கழிவுநீர்க் கணக்கையும் துல்லியமாகக் காட்டத் தெரிந்த ஊர் திருப்பூர். தொழிலாளியின் கூரைக்கும் கணக்குக் கேட்கலாம். வரைபட அனுமதி தரும்போதே சிறு மனைகளுக்கும் கூரைக்கான வெப்ப வரம்பை மட்டுமாவது கட்டாயமாக்க வேண்டும். ஒற்றைத்தள வீட்டுக்குள் வெப்பம் அதிகமாக இறங்குவது கூரை வழியாகத்தான். ஏற்கெனவே சீட் போட்ட வீடுகளுக்கு வெள்ளைக் குளிர்ப்பூச்சு அடிக்க உள்ளாட்சி பணம் ஒதுக்கட்டும்; ஏஏசி சுவரை விட அது எவ்வளவோ மலிவு.