கலருக்கு முன்னாடி ஏழு தொட்டி

எஞ்சின் மேல்மூடிக்கு (டேப்பெட் கவர்னு மெக்கானிக் சொல்வாரே, அது) பவுடர் கோட்டிங் போட்டு பளபளன்னு வந்தா எல்லாரும் கலரைத்தான் பாராட்டுறோம். ஆனா அந்தக் கலர் நிக்கிறதும் உரியிறதும் அதுக்கு முன்னாடி நடந்த வேலையைப் பொறுத்தது. அந்த வேலையோட சரித்திரம் பவுடரை விடப் பழசு.

நம்ம பக்கத்துக்கு இரும்பு புதுசில்லை. கல்வராயன் மலைப்பக்கம் இரும்புத் தாது உண்டு. தென்னாற்காடு, சேலம் ஜில்லாக்களில் அதை மரக்கரியோடு சேர்த்துச் சின்ன மண் உலைகளில் உருக்கியிருக்கிறார்கள். 1830-ல் ஹீத் துரை பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஆரம்பித்ததும் கள்ளக்குறிச்சி அன்று இருந்த அதே தென்னாற்காட்டில்தான். இரும்பு இருக்கிற இடத்தில் துருவும் இருக்குமே!

துருவைச் சுரண்டுவது பெரிய பாடு. 1870-ல் அமெரிக்கர் பெஞ்சமின் டில்க்மன் மணலை வேகமாகப் பீய்ச்சி உலோகத்தைச் சுத்தம் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். வேலை சுலபமாச்சு, ஆனா மணல் தூசி தொழிலாளியின் நுரையீரலைத் தின்றது. வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணலே கூடாதென்று பிரிட்டன் 1949-ல் விதி போட்டது.

சுத்தம் செய்த இரும்பு சும்மா இருந்தா மறுபடி துருப்பிடிக்கும். 1906-ல் தாமஸ் காஸ்லெட் என்ற ஆங்கிலேயர் பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் இரும்பை ஊறவைத்து, மேலே ஒரு பாஸ்பேட் படலம் உண்டாக்கினார். வேடிக்கை என்னன்னா, 1600 வருஷமா நிற்கும் டெல்லி இரும்புத்தூணைக் காப்பாற்றுவதும் பாஸ்பேட் கலந்த படலம்தான் என்று கான்பூர் ஐஐடியின் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார். அந்தப் பழைய இரும்பில் பாஸ்பரஸ் அதிகம்.

பவுடர் வந்தது அதற்கப்புறம். ஜெர்மனியின் எர்வின் கெம்மர் 1950-களில், சூடாக்கிய பொருளைக் காற்றில் மிதக்கும் பவுடருக்குள் முக்கினார். மின்னேற்றம் கொடுத்துப் பீய்ச்சுவது 1960-களில் பரவியது.

இன்னிக்கு நம்ம ஊர்ப் பட்டறைகளில் இந்தச் சரித்திரம் ஏழு தொட்டியாக வரிசை கட்டி நிற்கிறது: எண்ணெய் எடுக்க, கழுவ, துரு எடுக்க, கழுவ, பாஸ்பேட் ஏற்ற, கழுவ, கடைசியாகப் பாசிவேஷன். இது இரும்புக்கு. அலுமினிய மூடிக்குக் கரைசலே வேற.

எஞ்சின் பாகத்துக்கு இன்னும் கவனம் வேணும். மரை, பேக்கிங் உட்காரும் முகம், ஆயில் போகும் துளை எல்லாத்தையும் சூடு தாங்கும் டேப்பாலும் ரப்பர் அடைப்பாலும் மூடணும். வார்ப்பு அலுமினியம்னா முதலில் வெறுமனே சூடாக்கி, நுண்துளைகளில் ஊறின எண்ணெயை வெளியேத்தணும். இல்லேன்னா 200 டிகிரி அடுப்பில் பவுடர் கொப்புளிக்கும். பீய்ச்சின துகள் ஒண்ணு ஆயில் வழியில் தங்கினாலும் பேரிங் காலி.

காசு மிச்சம்னு ரெண்டு தொட்டியைத் தாண்டினா அன்னிக்குத் தெரியாது. கல்வராயன் மலை ஏறி இறங்கும் வண்டிக்கு ரெண்டு மழைக்காலம் போதும், தெரிஞ்சிடும் :-)

அதனால ரேட் கேக்கிறதுக்கு முன்னாடி எத்தனை தொட்டின்னு கேளுங்க. அந்த அமிலத் தண்ணி கடைசியில எங்கே போகுதுன்னும் கேளுங்க.