தண்ணி எங்கே கிடைக்கும்?

மாரத்தானுக்குப் பேர் கொடுத்தா தண்ணீர் எங்கே, எந்தத் தெரு அடைப்பு, வேடிக்கை பார்க்கிறவங்க எங்கே நிக்கணும்னு ஒரு தாள் தருவாங்க இல்லையா? பலர் படிக்கிறதே இல்லை. அந்த ஏற்பாடெல்லாம் இல்லாத ஓட்டம் எப்படி இருந்துச்சுன்னு பாருங்க.

1904 ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம், ஒலிம்பிக் மாரத்தான். சுமார் 32 டிகிரி வெயில், மண் ரோடு. சாலையை மூடலை. கூடவே போன கார்கள் கிளப்பின புழுதியெல்லாம் ஓடுறவங்க நெஞ்சுக்குள்ள. வில்லியம் கார்சியா என்பவர் உள்ளே ரத்தம் கசிஞ்சு வழியிலேயே விழுந்துட்டார். பிழைச்சதே பெரிசு.

தண்ணீர்? ஓரிரு இடத்துல மட்டும். அதுவும் மறதியால இல்லீங்க. தண்ணி குறைஞ்சா உடம்பு என்ன ஆகும்னு பார்க்க அமைப்பாளர் ஜேம்ஸ் சல்லிவனுக்கு ஆசை! ஜெயிச்ச தாமஸ் ஹிக்ஸ் தண்ணி கேட்டப்போ குடிக்க விடலை. பதிலுக்கு முட்டை வெள்ளைக்கரு, பிராந்தி, ஸ்ட்ரிக்னைன். கடைசியா சொன்னது நம்ம எட்டிக்கொட்டை விஷம்தான். 32 பேர் கிளம்பி, முடிச்சது 14 பேர்.

என்னைக் கேட்டா, அந்தத் தாளை ரெண்டு தடவை படிக்கலாம். ஓடுறவங்க தண்ணி மேசை எத்தனையாவது கிலோமீட்டர்னு குறிச்சுக்கங்க. பார்க்கப் போறவங்க தயவுசெஞ்சு வண்டியை வீட்டுலயே விட்டுடுங்க.