விசேஷத் தட்டுல இருக்கிற பழமெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?



இப்பெல்லாம் நம்ம கம்பம் பக்கம் காதுகுத்து, வளைகாப்புன்னு எந்த விசேஷத்துக்குப் போனாலும், வெட்டின பழத்தைத் தட்டுல அடுக்கி, நடுவுல தொட்டுக்க ஒரு கிண்ணத்துல கிரீம் வச்சிடறாங்க. பெரியவங்க இது வெள்ளைக்காரன் பழக்கம்ங்கிறாங்க. பிள்ளைங்க புது ஃபேஷன்னு நினைக்குதுங்க. ரெண்டுலயும் பாதிதான் உண்மை.

முதல்ல நம்ம முக்கனி. பலாவுக்குத் தாய்வீடு இந்த மேற்குத் தொடர்ச்சி மலைதான். மா, வடகிழக்கு இந்தியா, பர்மா பக்கத்துக் காட்டு மரம். வாழை தென்கிழக்கு ஆசியா, நியூகினி பக்கம் தோன்றி, எழுத்து வரலாறுக்கெல்லாம் முந்தியே மனுசன் கையில பரவினது.

அன்னாசி, பப்பாளி, கொய்யா, சீத்தா, சப்போட்டா அஞ்சுமே அமெரிக்கக் கண்டத்துப் பழங்கள். 1493ல கொலம்பஸ் ஆளுங்க குவாதலூப் தீவுல அன்னாசியைப் பார்த்தாங்க. 1498ல வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தபிறகு போர்த்துக்கீசியர் கப்பல் வழியா அது இங்கேயும் வந்து சேர்ந்தது. அன்னாசிங்கிற பேரே அவங்க 'அனனாஸ்'தான். சப்போட்டாங்கிற பேர் மெக்சிகோ ஆதிகுடிகள் பேச்சுல இருந்து ஸ்பானியர் வாய்வழியா வந்தது.

நம்ம பன்னீர் திராட்சையும் வந்ததுதான். 1832ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டு வந்தார்னு சொல்லுவாங்க. 1895ல பெரியாறு அணை முடிஞ்சு தண்ணி இந்தப் பக்கம் திரும்பின பிறகுதான் பள்ளத்தாக்கு முழுக்க விவசாயம் பெருகுச்சு. 2023ல நம்ம திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது.

சரி, அந்தக் கிரீம்? பழத்தோட இனிப்பா, கெட்டியா ஒன்னைச் சேர்க்கிறது நமக்குப் புதுசா என்ன? பழனி பஞ்சாமிர்தம் என்னவாம்? மலைவாழை, நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய். மராட்டியத்துல தயிரைத் துணியில கட்டித் தொங்கவிட்டு, சர்க்கரை சேர்த்து ஸ்ரீகண்ட்னு சாப்பிடறாங்க. இதுல கிண்ணமும் குச்சியும்தான் புதுசு.

வீட்டுலயே செய்யலாம். கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில கட்டி நாலு மணி நேரம் தொங்கவிடுங்க. வடிஞ்சதுல தேனும் ஏலப்பொடியும் போட்டு அடிச்சா போதும். அன்னாசியை மட்டும் தயிருக்குள்ள கலந்து வச்சிடாதீங்க. அதுல இருக்கிற ஒரு சத்து பால் புரதத்தை உடைச்சுக் கசக்க வச்சிடும். தனியா வச்சுத் தொட்டுச் சாப்பிட்டா ஒன்னும் ஆகாது. வாழை, ஆப்பிள் கறுக்காம இருக்க எலுமிச்சைச் சாறு தடவுங்க.

இவ்வளவும் ஏன் சொல்றேன்னா, வெளியில இருந்து வந்த பழத்தை நான் குறை சொல்லல. நானே கொய்யா போட்டுத்தான் பிழைக்கிறேன். ஆனா அன்னைக்கு வந்த பழம் கன்னாவும் விதையாவும் வந்து நம்ம மண்ணுல வேர் விட்டுச்சு. இன்னைக்கு வர்ற கிவியும் வெளிநாட்டு ஆப்பிளும் அட்டைப்பெட்டியில வருது, தட்டுல முடிஞ்சு போகுது. அதே நேரம் நம்ம விருப்பாச்சி மலைவாழை, முடிக்கொத்து நோய்ல தோப்புத் தோப்பா அழிஞ்சது. அசுவினி பரப்புற நச்சுயிரி அது, வந்த மரத்தை வெட்டி எறியறதைத் தவிர மருந்து கிடையாது. திசு வளர்ப்புக் கன்னு வச்சு அந்த ரகத்தை மீட்கப் பாடுபடறாங்க. ஆனா பழத்தைக் கேட்டு வாங்க ஆள் இல்லைன்னா எந்த விவசாயி திரும்ப நடுவான்?

உங்க வீட்டு விசேஷத் தட்டுல பாதியாவது பக்கத்துத் தோட்டத்துப் பழமா இருக்கட்டும். கொய்யா, பப்பாளி, மலைவாழை, பன்னீர் திராட்சை, சீசன்னா ரெண்டு பலாச்சுளை. வர்ற சொந்தக்காரங்க "இது எங்க கிடைச்சது?"ன்னு கேட்டா, ஊர்ப் பேரைச் சொல்லுங்க. அது போதும் எங்களுக்கு.